பணம் திரும்பிப் போகும் வழி

என் ராசாவுக்கு,

நீ கேட்டது சின்னக் கேள்வி. ரயில் ஏறும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டாய். "ரெண்டுல எதுன்னு யோசிச்சுச் சொல்லும்மா. நீதான ஓட்டப் போற." நம் தாம்பூலப் பை வெப்சைட்டில் ஆட்கள் பணம் கட்டுவதற்கு எந்தக் கம்பெனியின் பேமெண்ட் கேட்வேயை வைப்பது என்பதுதான் கேள்வி. முதலாவது என்றோ இரண்டாவது என்றோ போனில் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் நம் போன் பேச்சு உனக்கே தெரியும். சாப்பிட்டாயா என்பேன், சாப்பிட்டேன் என்பாய், அப்பா எங்கே என்பாய், காளவாசல் வரைக்கும் போயிருக்கிறார் என்பேன், அதற்குள் உன்னை ஆபீசில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். இந்தப் பதிலுக்கு அவ்வளவு நேரம் போதாது. இது ஆடி மாதம். கல்யாணம் கிடையாது. தையல் மிஷின்கள் துணியைப் போர்த்திக்கொண்டு தூங்குகின்றன. எனக்கும் பொழுது கிடக்கிறது, எழுதுகிறேன். நிதானமாகப் படி. மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டே படிக்காதே, சட்டையில் சாம்பாரைக் கொட்டிக்கொள்வாய்.

நீ எனக்கு விளக்கிச் சொன்னது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. முதல் கம்பெனி பிடிக்கிற கமிஷன் குறைவு. இரண்டாவது கம்பெனிக்குக் கொஞ்சம் கூடுதலாக அழ வேண்டும். இரண்டிலுமே ஆட்கள் கார்டிலும் கட்டலாம், போனிலும் கட்டலாம், கட்டிய பணம் இரண்டு நாள் கழித்து நம் கணக்குக்கு வந்து சேரும். வித்தியாசம் ஒன்றே ஒன்றில்தான். வாங்கியவருக்கு நாம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் முதல் கம்பெனி வழியாகப் போய்ச் சேர ஒரு வாரம், அதற்கு மேலும் ஆகலாம். இரண்டாவதில் அன்றைக்கே போய்விடும். அதைச் சொல்லிவிட்டு நீயே கையை வீசினாய். "அத விடும்மா. பேரு போட்ட பைக்கு நாம ரீஃபண்டே தரப் போறதில்ல. நமக்கு எதுக்கு அது?" வெப்சைட்டில் ரீஃபண்ட் விதிக்கென்று தனியாக ஒரு பக்கம் வைக்க வேண்டும் என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள் என்றும், வைத்துவிட்டேன் என்றும் சொன்னாய். நான் அப்போது உனக்குப் புளியோதரை கட்டிக்கொண்டிருந்தேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன்.

நீ இங்கே இருந்தபோது என்னையே வாங்க வைத்துப் பார்த்தாயே, அது நினைவிருக்கிறதா? வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், நீயே ஒரு பை வாங்கு என்றாய். என் கடையில் நானே போய் வாடிக்கையாளராக நின்றேன். என் போனில் ஓடிபி வந்தது, என் கணக்கிலிருந்து பணம் போனது, என் கணக்குக்கே அது இரண்டு நாளில் வரும் என்றாய். "அதுவரைக்கும் அது எங்கடா இருக்கும்?" என்று கேட்டேன். "நடுவுல இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாய். நீ சொன்ன அந்த நடுவு என்னைப் பிடித்துக்கொண்டது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெறுந்தரையில் தலையணை போட்டுப் படுத்தால் மேலே ஃபேன் சுற்றும், கண் பாதி மூடும், அந்தப் பணம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று மனசு கூடவே கிளம்பிவிடும். நமக்குத் தேங்காய் வருகிற கொட்டாம்பட்டி ரோட்டில், லாரிகளுக்கு மேலே, தென்னந்தோப்புகளின் தலைக்கு மேலே அது சத்தமில்லாமல் மிதந்து வருவதாகத் தோன்றும். வைகைப் பாலத்துக்கு வந்ததும் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும், புல்லும் எருமையும்தான் தெரியும். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் புகுந்து அந்தக் குளிர்ச்சியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். யாருடையதாகவும் இல்லாமல் இருக்கும் அந்த இரண்டு நாளும் அதற்கு நிம்மதியாகத்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிடுவேன். உன் அப்பாவிடம் சொன்னேன். "பொழுது போகலைன்னா மொளகாயக் காய வையி" என்றார்.

நம் முதல் ஆர்டர் நீ இருக்கும்போதே வந்தது. திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு பெண், தன் கல்யாணத்துக்குத் தானே பை ஆர்டர் செய்திருந்தாள். ஆவணியில் முகூர்த்தம். மஞ்சள் துணி, சிவப்பு எழுத்து, ஓரத்தில் மாங்காய்க் கரை. கேட்வே வழியாகப் பணம் கட்டியதும் உன் போன் டிங் என்றது. நீ எழுந்து குதித்தாய், நான் கேசரி கிண்டினேன். சோதனைக்காகப் போட்டு வைத்திருந்த முதல் கம்பெனியில்தான் அந்தப் பணம் வந்தது. நீ ஊருக்குப் போன பிறகு அப்பா பைகளை அச்சடித்து மாடியில் கொடி கட்டிக் காயப் போட்டார். ஆடிக் காற்றில் அத்தனை பைகளும் ஒன்றாக வயிறு உப்பி ஆடின. அவள் பெயரும் அந்தப் பையன் பெயரும் மாடி முழுக்க, மேலும் கீழுமாக, வெயில் பட்டுச் சிவந்து ஆடிக்கொண்டே இருந்தன. பார்க்காத இரண்டு பேரின் பெயர்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். காயப் போட்ட துணியைத் திருப்பப் போகிற சாக்கில் நான் மூன்றாவது தடவையும் மாடிக்குப் போனேன். உலகத்தில் எல்லாக் கல்யாணங்களும் நல்லபடியாக நடக்கும் என்று அந்த மாடியில் நின்றால் தோன்றும்.

அந்தப் பைகள் காய்ந்துகொண்டிருக்கும்போதே அவளிடமிருந்து வாட்ஸாப் வந்தது. கல்யாணம் நின்றுவிட்டது, ஆர்டரை ரத்து செய்ய முடியுமா என்று. இது உனக்கும் தெரியும், வெப்சைட்டின் நம்பர் உன்னிடமும் இருக்கிறதே. நீ சென்னையிலிருந்தே அவளுக்குப் பதில் போட்டாய். 'பெயர் அச்சிட்ட பைகளுக்குப் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது. இது எங்கள் விதிமுறை.' அவளும் சரிங்க என்று ஒரு வார்த்தை அனுப்பிவிட்டாள். உன்னைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது. நான் அந்த வரியைப் போனில் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு அது புது வரி இல்லை ராசா. நீயும் அதை வேறொருவர் வாயால் கேட்டிருக்கிறாய்.

உன் கல்யாணத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. நீ பேச மாட்டாய், நான் கேட்க மாட்டேன், அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். இன்றைக்கு ஒரு தடவை பேசிவிடுகிறேன், பொறுத்துக்கொள். உனக்கு நிச்சயித்த பெண் தனக்கு இஷ்டமில்லை என்று உனக்கே போன் பண்ணிச் சொன்னாள். பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு சொன்னாள் என்பதுதான் குறையே தவிர, மனசில் இல்லாததைச் சொல்லாமல் மணையில் வந்து உட்காரவில்லை என்பதற்காக அவள்மேல் எனக்கு மரியாதைதான். நீ அன்றைக்குக் கொஞ்சம் அழுதாய். மறுநாள் எழுந்து சவரம் செய்துகொண்டு, மண்டபத்தில் கொடுத்த அட்வான்சை வாங்கி வருகிறேன் என்று அப்பாவோடு நீயே கிளம்பினாய். என் பிள்ளை தேறிவிடுவான் என்று நான் நினைத்த நாள் அது. மண்டபத்து மேனேஜர் உன்னை நிமிர்ந்து பார்க்காமலே, "அது ரூல்ஸ் தம்பி. வேற பார்ட்டி அந்தத் தேதிக்கு வந்தா தருவோம். வந்து பாருங்க" என்றாராம். வந்து உன் அறையில் படுத்தாய். அதன்பிறகு நீ அங்கே போகவில்லை. அப்பா போனார்.

அந்தப் பணம் வராமல் போகவில்லை. மாதக்கணக்கில் இழுத்து, தவணை தவணையாக வந்தது. அதற்குள் நம் வீட்டில் நடந்ததைத்தான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். சாயங்காலம் அப்பா வந்து சட்டையை ஆணியில் மாட்டுவார். நான் அடுப்படியிலிருந்து, "குடுத்துட்டாங்களா?" என்பேன். "அடுத்த வாரம் வரச் சொல்றாய்ங்க" என்பார். உன் சித்தி போன் பண்ணுவாள், "மண்டபத்துக் காசு வந்துருச்சாக்கா?" என்பாள். பால் வாங்கப் போனால் பக்கத்து வீட்டில் கேட்பார்கள். அவர்கள் யாரும் உன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, பணத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த உனக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? தினமும் ஒரு தடவை உன் கல்யாணம் நம் வீட்டில் நின்றது. நீ உள்ளே ஃபேனைக் கூட்டி வைத்துக்கொள்வாய். பிறகு ஒருநாள் சென்னையில் வேலை என்று பெட்டியைக் கட்டினாய். அந்தப் பெண் வேண்டாம் என்றதால் நீ ஊரைவிட்டுப் போனதாக எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு என்னவோ, அவளை நீ அப்போதே தாண்டிவிட்டாய், எங்கள் கேள்வியைத்தான் உன்னால் தாண்ட முடியவில்லை என்று படுகிறது. அதற்குப் பிறகு வந்த எந்த ஜாதகத்தையும் நீ திறந்துகூடப் பார்க்கவில்லையே.

திண்டுக்கல் பெண்ணிடம் நான் போனில் பேசினேன். உன்னிடம் கேட்காமல்தான் பேசினேன். குரல் மெல்லிசாக இருந்தது, தூக்கம் கலையாத மாதிரி. "பரவால்லங்கம்மா, ரூல்ஸ் போட்டிருக்கீங்க, படிச்சேன். அப்பாதான் கேட்டுப் பாருன்னாரு" என்றாள். "ரூல்ஸ் கெடக்கட்டும்த்தா. நான் அனுப்பி விடுறேன்" என்று சொல்லிவிட்டு, நீ சொல்லிக் கொடுத்தபடி கம்ப்யூட்டரைத் திறந்து, அந்தக் கேட்வே பக்கத்தில் அவள் ஆர்டரைத் தேடி, ரீஃபண்ட் என்ற இடத்தை அழுத்தினேன். எனக்கே என் கையை நம்ப முடியவில்லை. அப்பா மாடிக்குப் போய்ப் பைகளை ஒவ்வொன்றாகக் கொடியிலிருந்து இறக்கினார். அச்சுப் பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்தால் அரிசி, பருப்பு போட்டு வைக்க ஆகும் என்று மட்டும் சொன்னார். காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் ஸ்கிரீனில் ஒரு வரி வந்து நின்றது. பணம் போய்ச் சேர ஐந்து முதல் ஏழு வேலை நாள் ஆகும் என்று.

அந்த நாட்களில் எனக்கு மத்தியானத் தூக்கம் போனது. மறுபடியும் ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு அந்தப் பணத்தைத் தேடிப் போவேன். போன தடவை வந்த வழியேதான் அது திரும்ப வேண்டும், ஆனால் இந்தத் தடவை அது கொடிக்காலில் உட்காரவில்லை. ரோட்டோரமாகத் தலையைக் குனிந்துகொண்டு, ஊர் பார்க்க, மெதுவாக நடந்து போவதாகத் தெரிந்தது. இடையில் அவளுடைய அப்பாவே கூப்பிட்டார். "காசு இன்னும் ஏறலியேம்மா. அனுப்பிட்டீகளா?" நல்ல மனிதர், குரலில் சண்டை இல்லை. அனுப்பியாச்சுங்கண்ணே, கம்பெனி வழியா வருது, பொறுங்க என்றேன். அடுத்த நாளும் கூப்பிட்டார். பிறகு அவள் கூப்பிட்டாள். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. அந்தக் காசு எப்ப வரும்னு சரியாச் சொல்ல முடியுமா? அப்பா காலைல காபி குடிக்கிறப்ப கேக்குறாரு. வேலைக்குப் போயிட்டு வந்து கேக்குறாரு. வந்துருச்சாத்தா, வந்துருச்சாத்தான்னு. வரலப்பான்னு சொல்லிட்டு நான் எந்திரிச்சுப் போயிடுறேன். அந்தக் காசே வேணாம்னு சொன்னாலும் விட மாட்டேங்குறாரு."

நம் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து நீ பேசுகிற மாதிரியே இருந்தது. நீ அன்றைக்கு ஒரு வார்த்தையாவது இப்படிச் சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேனே ராசா. "அப்பா போன் நம்பர் சொல்லுத்தா" என்று வாங்கி, அந்தத் தொகையை என் சொந்தக் கணக்கிலிருந்து என் போனிலேயே அவருக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். "அண்ணே, வந்துருச்சா பாருங்க" என்றேன். "வந்துருச்சும்மா, இந்தா சத்தம் கேட்டுச்சு" என்றார். "இனிமே அதப் பத்திப் பிள்ளைகிட்டக் கேக்காதீங்கண்ணே" என்றேன். "நான் காசத்தானம்மா கேட்டேன்" என்றார். "நாங்களும் காசத்தாண்ணே கேட்டோம்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, சரிம்மா என்று வைத்துவிட்டார். கம்பெனி வழியாகப் போகிற பணம் பின்னால் வந்தால் எனக்குத் திருப்பி அனுப்பு என்று அவளிடம் சொல்லி வைத்தேன்.

இதெல்லாம் உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ கோபப்படுவாய் என்று பயம். கணக்குப் போடுவாய், துணி, மை, தையல் கூலி, அதற்கு மேல் கமிஷன் என்று. கமிஷன் திரும்பி வராதாமே, அதையும் பார்த்தேன். நஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அப்பாவே கேட்டார், "இப்புடி ஒவ்வொருத்தரும் கல்யாணம் நின்னுருச்சுன்னு காசக் கேட்டா எம்புட்டுத் துணிய அரிசிப் பையாத் தைப்ப? பொய் சொல்லிக்கூடக் கேப்பாய்ங்க." நான் சொன்னேன், "பெத்த பிள்ளை கல்யாணம் நின்னுருச்சுன்னு பைக்குக் குடுத்த காசுக்காக எவனாவது பொய் சொல்லுவானா? அந்த வார்த்தை வாயில வருமா?" என்று. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் போனாலே ஒத்துக்கொண்டதாக அர்த்தம், உனக்குத் தெரியும். பெயரைத் தப்பாகக் கொடுத்துவிட்டு வேறு பை கேட்கிறவர்களுக்கு நீ எழுதிய விதியையே வைத்துக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. இனிஷியல் மாறிப்போனால் ஒரு வீடும் இடிந்துவிடாது. கல்யாணம் நின்றவர்களுக்கு மட்டும் அந்தப் பக்கத்தில் தனியாக ஒரு வரி போடு. எங்களுக்கு ஒரு போன் பண்ணுங்கள், அன்றைக்கே பணம் வந்துவிடும், காரணம் கேட்க மாட்டோம் என்று போடு. உனக்கு எழுத வரவில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன்.

நேற்று மத்தியானம் காற்று ஓய்ந்து கிடந்தது. மாடியில் வெறும் கொடி. நான் பாதித் தூக்கத்தில் இருந்தபோது போன் டிங் என்றது. அந்தப் பெண் பணத்தைத் திருப்பி அனுப்பியிருந்தாள். கூடவே குரல் செய்தி. பின்னால் பஸ் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். "அம்மா, சாரிம்மா. கம்பெனிக் காசு எப்பவோ வந்திருக்கு. நான் கவனிக்கவே இல்ல. இன்னிக்குத்தான் வேற எதுக்கோ பேங்க் மெசேஜப் பாத்தேன். சுத்தமா மறந்தே போயிட்டேம்மா." அவ்வளவுதான். அந்தச் செய்தியை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். மறந்தே போயிட்டேன் என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள்! யாரும் கேட்கவில்லை, அதனால் மறந்துவிட்டாள். வேலைக்குப் போகிறாள், பஸ்ஸில் சிநேகிதிகளோடு உட்கார்ந்து சிரிக்கிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷப்பட்டுக்கொண்டே அழுதேன். அவளுக்குக் கிடைத்தது உனக்குக் கிடைக்கவில்லையே என்று அழுதேன்.

ஆகையால் உன் கேள்விக்குப் பதில் இதுதான். இரண்டாவதைப் போடு. கமிஷன் கூடுதல் என்று சொல்லாதே, எனக்குத் தெரியும். நீ அந்த அறைக்குள் படுத்திருந்த நாட்களில் யாராவது நம் வாசலில் வந்து நின்று, கொஞ்சம் கூடக் கொடுங்கள், இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எல்லாப் பேச்சும் முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தால், உன் அம்மா என்ன ஏது என்று கேட்காமல் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்திருப்பாள்.